காதுகுத்தில் வந்த 6,40,000 ரூபாய்: உசிலம்பட்டிப் பக்கத்து மொய்க் கணக்கு ஒன்று

மொய்யைப் பற்றி வெளியாட்கள் எழுதுவது பெரும்பாலும் இரண்டு வகை. கிடா வெட்டி விருந்து போட்டு ஒரே நாளில் லட்சக்கணக்கில் வசூல் என்று வாய் பிளப்பது ஒரு வகை. ஆடம்பரத்தால் கிராமம் அழிகிறது என்று உபதேசம் பண்ணுவது இன்னொரு வகை. அந்தப் பணம் யாருடைய எத்தனை நாள் கூலி, அது ஏன் பேங்குக்குப் போகாமல் அடுத்தவர் வீட்டு மேசைக்குப் போகிறது, விருந்து முடிந்து இலை எடுத்த பிறகு யார் கையில் நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு.

உசிலம்பட்டிக்கு மேற்கே ஒரு கிராமத்தில் 2025 ஆவணியில் நடந்த ஒரு காதுகுத்தின் மொய்க் கணக்கை, அந்தக் குடும்பத்தின் சம்மதத்தோடு, முதல் பெயரிலிருந்து கடைசிப் பெயர் வரை பார்த்தேன். சொந்தக்காரன் என்பதால் அன்றைக்கு மொய் மேசையில் பணம் எண்ணுகிற வேலையும் என் தலையில்தான் விழுந்தது. ஊர் பெயரும் ஆள் பெயரும் சொல்லப் போவதில்லை. தொகைகளை ஆயிரத்துக்கு ரவுண்டாகத் தந்திருக்கிறேன், கணக்கு மாறாது.

குடும்பம்

கணவர், மனைவி, ஒரு பெண், ஒரு பையன். ஒன்றரை ஏக்கர் மானாவாரி நிலம். வைகை அணையில் தண்ணீர் நிறைய நின்றால்தான் 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வரும், அதுவும் இவர்கள் நிலத்துக்கு வந்து சேராது. மழை பெய்தால் சோளமோ உளுந்தோ போடுவார்கள், இல்லையென்றால் சும்மா கிடக்கும்.

கணவர் பதினைந்து வயதில் முறுக்குக் கம்பெனிக்குப் போனவர். உசிலம்பட்டி, சேடபட்டிப் பக்கம் இது எல்லோருக்கும் தெரிந்த வாழ்க்கை. ஊர்க்காரர் ஒருவர் ஆந்திராவிலோ மகாராஷ்டிராவிலோ ஒரு சின்ன டவுனில் வாடகைக்கு வீடு பிடித்து, அதிலேயே அடுப்பைப் போட்டு, முறுக்கு, சேவு, மிக்சர் போட்டு கடை கடையாகச் சப்ளை பண்ணுவார். வேலைக்கு ஆள் ஊரிலிருந்துதான் வரும். ஆளைக் கூட்டிப் போகும்போதே வீட்டில் அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் மாதக் கணக்கு, கையில் தருவது செலவுக்கு மட்டும், பாக்கியெல்லாம் ஊருக்குத் திரும்பும்போது ‘கணக்கு முடிக்கும்’ அன்றைக்குத்தான். முடிக்கிற அன்றைக்கும் ஏதாவது ஒரு பாக்கி நிற்கும். அதற்குள் வீட்டில் ஒரு ஆஸ்பத்திரிச் செலவு வந்திருக்கும், புது அட்வான்ஸ் வாங்கியிருப்பார்கள், மறுபடி பஸ் ஏற வேண்டும். கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. முன்பணம் கொடுத்து அதைக் காட்டி ஆளை நிறுத்தி வைப்பது அந்தச் சட்டப்படி குற்றம். ஆனால் இங்கே அட்வான்ஸ் கொடுப்பவர் மாமனாகவோ பங்காளியாகவோ இருப்பதால் அதை யாரும் அந்தப் பெயரில் கூப்பிடுவதில்லை.

மனைவிக்கு நூறு நாள் வேலை. அது இல்லாத நாளில் களையெடுப்பு, பூ பறிப்பு, புளி தட்டுவது, என்ன கிடைக்கிறதோ அது.

2025 தொடக்கத்தில் கணவருக்கு முதலாளியிடம் நின்ற அட்வான்ஸ் பாக்கி 1,10,000 ரூபாய். மனைவியின் நகை அடகில் 90,000. அப்போதுதான் பிள்ளைகள் இருவருக்கும் சேர்த்துக் காது குத்திவிடலாம் என்று முடிவெடுத்தார்கள். பெண்ணுக்குப் பத்து வயது, பையனுக்கு ஏழு. பெண்ணுக்குக் கைக்குழந்தையாக இருக்கும்போதே பேருக்கு ஒரு துளை போட்டாயிற்று என்பது வேறு விஷயம். காது குத்துவதா முக்கியம்?

நோட்டு

மொய் நோட்டு என்பது நீளவாக்கில் இருக்கும் பழைய கணக்கு நோட்டு. முதல் பக்கம் நாலு மூலையிலும் மஞ்சள், மேலே பிள்ளையார் சுழி, கீழே ‘லாபம்’. இவர்களிடம் மூன்று நோட்டுகள் இருக்கின்றன. ஒன்று அவருடைய அப்பா காலத்தது. பங்காளிகள் பாகம் பிரித்தபோது நிலத்தைப் பிரித்ததுபோலவே மொய்யையும் பிரித்திருக்கிறார்கள், எந்தெந்த ஊர் மொய்யை யார் திருப்பிச் செய்ய வேண்டும் என்று. பேங்க் கடன் மூன்று வருஷத்தில் காலாவதி ஆகிவிட்டதா என்று கோர்ட்டில் வாதாடலாம். மொய்க்கு அப்படி எதுவும் கிடையாது. கொடுத்தவர் செத்தால் மகனுக்குப் போகும், வாங்கியவர் செத்தாலும் மகன் தலையில்தான்.

இரண்டாவது நோட்டு இவர்கள் கல்யாணத்தில் வந்தது, அதாவது வாங்கியது. அது கிட்டத்தட்ட எல்லாம் திருப்பிச் செய்து அடித்தாயிற்று. மூன்றாவதுதான் முக்கியம்: பதினாலு வருஷமாக இவர்கள் மற்றவர் வீட்டு விசேஷங்களில் புதிதாகச் செய்தது. தேதி, ஊர், பெயர், என்ன விசேஷம், தொகை. ஆரம்பத்தில் 100, 200 என்று போகிறது, பிறகு 500, கடைசி மூன்று நாலு வருஷத்தில் 1,000-க்குக் குறைவாக அபூர்வம். அவர் ஊரில் இல்லாத மாதங்களில் எழுத்து மாறுகிறது, அது மனைவியின் கையெழுத்து. பாதிக்கு மேல் மனைவி எழுத்துத்தான். 2020-லும் 2021-லும் பக்கம் பக்கமாகக் காலி. கல்யாணத்துக்கு 50 பேர்தான் என்று அரசு கட்டுப்பாடு வைத்த காலம் அது. பலர் விசேஷத்தையே தள்ளி வைத்தார்கள். அந்த நேரத்தில் பெண்ணைக் கட்டிக் கொடுத்தவர்களுக்கு வர வேண்டிய மொய் வராமலே போனது தனிக்கதை.

மூன்றாவது நோட்டைக் கூட்டினால் 2,70,000 ரூபாய்.

பத்திரிகை யார் யாருக்கு வைப்பது என்பதையும் இந்த நோட்டுத்தான் தீர்மானித்தது. அவர் லீவு எடுத்து வந்து, டிவிஎஸ்ஸில் ஊர் ஊராகப் போய், நோட்டில் பெயரைப் பார்த்துப் பார்த்துப் பத்திரிகை வைத்தார். பத்திரிகை கொடுக்கும்போது யாரும் மொய்யைப் பற்றி வாய் திறப்பதில்லை. ‘அவசியம் வந்துருங்க மாமா’ என்பதோடு சரி. மாமாவுக்கும் வீட்டுக்குள் ஒரு நோட்டு இருக்கிறதே, அவருக்குத் தெரியாதா.

மேசை

விசேஷத்தன்று காலை குலசாமி கோவிலில் மொட்டையும் காதுகுத்தும், தாய்மாமன் மடியில் உட்கார வைத்து. பதினோரு மணிக்கு மேல் மண்டபத்தில் விருந்து. வாசலை ஒட்டி மொய் மேசை.

இப்போதெல்லாம் கம்ப்யூட்டர் மொய்தான். அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், லேப்டாப், பிரிண்டர், நோட்டு எண்ணும் மிஷினோடு வருவார்கள். ஊர், பெயர், தொகை சொன்னால் டைப் அடித்துச் சீட்டு வந்துவிடும். சாயங்காலம் ஊர்வாரியாகப் பிரித்து, அகர வரிசையில் ஒரு புத்தகமாகக் கையில் கொடுத்துவிட்டுப் போவார்கள். மேசையில் கியூஆர் கோடும் ஒட்டியிருந்தது. வெளிநாட்டிலிருந்தும் திருப்பூரிலிருந்தும் வந்த மொய் அதில்தான் விழுந்தது.

டைப் அடித்த பையனுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும். ஒரே ஊரில் ஒரே பெயரில் நாலு பேர் இருப்பார்கள் என்பதால் அப்பா பெயர், வீட்டுப் பட்டப்பெயர் என்று கேட்டுக் கேட்டு அடித்தான். சீட்டில் பெயர் தப்பாக வந்தால் பத்து வருஷம் கழித்து சண்டை வரும், அதனால் அவன் நிதானமாகத்தான் போனான், வரிசை எவ்வளவு நீண்டாலும். நடுவில் ஒரு அம்மா வந்தார், கணவர் இறந்து சில வருஷம் ஆகியிருக்கும். முந்தானை முடிச்சிலிருந்து இரண்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து வைத்தார்.

‘யார் பேருல அயித்தை?’

‘பெரியவன் பேருல போடுப்பா.’

‘அவன் ஸ்கூலுதான படிக்கிறான்? உங்க பேருல போட்ருவா?’

‘எம்பேரு எதுக்கு? நாளைக்கு விசேசம்னா அவன்தான வாங்கணும். அவன் பேரையே போடு.’

அந்த 1,000 ரூபாய் நூறு நாள் வேலையில் வந்தது என்று அவரே பிறகு சொன்னார். தமிழ்நாட்டுக்கு 2025-26-இல் அறிவித்த கூலி ஒரு நாளைக்கு 336 ரூபாய், அளந்து போடும்போது அதிலும் குறைத்துத்தான் வரும். முழுக் கூலி என்றே வைத்துக்கொண்டாலும் மூன்று நாள் வேலை. கூலி அவர் பெயரில் உள்ள பேங்க் கணக்கில் விழுகிறது, மொய் மகன் பெயரில் ஏறுகிறது. நானூற்றுச் சொச்சம் பெயர்களில் பெண் பெயர்கள் முப்பதைத் தாண்டவில்லை. அந்த முப்பதிலும் பாதி ஆசிரியைகள், நர்ஸுகள், சுய உதவிக் குழுத் தலைவிகள். உழைத்துச் சேர்ப்பது யார், சேமிப்பு யார் பெயரில் நிற்கிறது என்பதற்கு வேறு சர்வே எடுக்க வேண்டியதில்லை, அந்தப் புத்தகமே போதும்.

அப்புறம் சாதி. புத்தகத்தில் பெரும்பகுதி சொந்த சாதி, அதிலும் சொந்தபந்தம். வேறு சாதியினர் பெயர்கள் கடைசி இரண்டு பக்கத்தில் வருகின்றன. உடன் வேலை பார்த்தவர்கள், கடைக்காரர்கள், வாத்தியார் என்று. இது சும்மா சமூக வழக்கம் என்று விட்டுவிட முடியாத விஷயம். மொய் ஒரு கடன் வலை என்றால், வலைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் அதன் கனம். நிலமோ கடையோ அரசு வேலையோ உள்ளவர்கள் நாலு பேர் சொந்தத்தில் இருந்தால் மேசையில் பத்தாயிரம் ரூபாய்க் கட்டுகள் விழும். சொந்தம் முழுக்கக் கூலி வேலை என்றால் இருநூறும் ஐந்நூறுமாகத்தான் விழும். பக்கத்துத் தெருவில் தலித் குடும்பம் ஒன்று அதே மாதம் வைத்த சடங்கில் விருந்துச் செலவே திரும்பி வரவில்லை என்றார்கள். முறை ஒன்றுதான், பணம் ஒன்றல்ல.

கணக்கு

மொத்தம் வந்த மொய் 6,40,000 ரூபாய். தாய்மாமன் சீரில் வந்த தங்கத்தையும் துணிமணியையும் இதில் சேர்க்கவில்லை.

இதைப் பிரிப்பதில்தான் விஷயம் இருக்கிறது. 2,70,000 ரூபாய் இவர்கள் முன்பு செய்தது திரும்பி வந்தது. ஆனால் யாரும் வாங்கிய தொகையை அப்படியே திருப்புவதில்லை. 500 வாங்கியிருந்தால் 500-ஐ மட்டும் வைத்தால் ‘கணக்கு முடிந்தது, இனி உங்களுக்கும் எங்களுக்கும் ஒன்றுமில்லை’ என்று அர்த்தம். அதனால் 800, 1,000 என்று வைப்பார்கள். அந்தக் கூடுதல் தொகை வட்டி இல்லை, இவர்கள் மேல் ஏறும் புதுக் கடன். அப்படி வந்த கூடுதல் 1,20,000. இதுவரை கணக்கே இல்லாத புது ஆட்கள் செய்தது 2,50,000. ஆக, இவர்களுடைய சேமிப்பு 2,70,000, இனி திருப்பிச் செய்ய வேண்டியது 3,70,000.

செலவைப் பார்ப்போம். மண்டபம் 45,000. கிடாவும் கறியும் 90,000. அரிசி, மளிகை, சமையல் ஆள் 70,000. பத்திரிகை, பிளக்ஸ், மைக் செட், பந்தல் 40,000. கோவில், துணி, போட்டோ, வீடியோ 30,000. கம்ப்யூட்டர் மொய் 5,000. கூட்டினால் 2,80,000. கையில் நின்றது 3,60,000.

பதினாலு வருஷமாக இவர்கள் கொடுத்து வைத்த சேமிப்பு முழுவதையும், அதற்கு மேல் பத்தாயிரத்தையும் ஒரே நாள் விருந்து தின்றுவிட்டது. கையில் நிற்கும் பணம் பூராவும் புதுக் கடன்தான். வீட்டில் இதைச் சொன்னபோது கணவர் சிரித்துவிட்டு, ‘அதத்தான நாங்களும் வேணும்னு செஞ்சது’ என்றார். அவருக்குச் சேமிப்பு திரும்பி வருவது பெரிய விஷயமே இல்லை. வட்டி இல்லாமல், ஜாமீன் இல்லாமல், தவணைத் தேதி இல்லாமல் 3,60,000 ரூபாய் மொத்தமாகக் கையில் வருவதுதான் விஷயம். அதற்கு வேறு வழி என்ன இருக்கிறது என்று அவர் கேட்டதற்கு நானும் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

மைக்ரோ ஃபைனான்ஸ் என்றால், ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்கு ஜாமீன் இல்லாமல் கடன் தரலாம், ஆனால் எல்லாக் கடனுக்கும் சேர்த்துத் தவணை மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. அதாவது அதிகபட்சம் 12,500 ரூபாய். 24 சதவீத வட்டியில் இரண்டு வருஷத்துக்கு 3,60,000 வாங்கினால் மாதத் தவணை 19,000 வரும். ஆக அந்தக் கதவு திறக்காது. திறந்தாலும் வாராவாரம் வாசலில் வந்து உட்காருவார்கள். கந்துவட்டி, மீட்டர் வட்டி, தண்டல் எல்லாவற்றையும் 2003-இல் தமிழ்நாடு சட்டம் போட்டுத் தடை செய்தது. தடை செய்த பிறகும் கிடைக்கிறது, விலையும் எல்லோருக்கும் தெரியும். நகைக்கடன் என்றால் நகை ஏற்கெனவே அடகில். மிச்சம் இருப்பது முறுக்குக் கம்பெனி முதலாளியிடம் இன்னொரு அட்வான்ஸ்.

சேமிப்பாகப் பார்த்தால் மொய் மோசமான சேமிப்பு, அதில் சந்தேகமில்லை. 2011-12-இல் நூறு நாள் வேலையின் அறிவித்த கூலி 119 ரூபாய். அந்த வருஷம் இவர்கள் வைத்த 200 ரூபாய் ஏறத்தாழ ஒன்றே முக்கால் நாள் உழைப்பு. அதே 200 2025-இல் திரும்பி வரும்போது 336 ரூபாய்க் கூலிக்கு அரை நாளுக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஒரு நாளுக்கு மேற்பட்ட உழைப்பு நடுவில் கரைந்துவிட்டது. இருபது பேர் வேலை பார்க்கும் கம்பெனியில் வேலை கிடைத்து பி.எஃப். பிடித்திருந்தால், 2,70,000-ஐ வருஷத்துக்குச் சமமாகப் பிரித்துப் போட்டதாக வைத்துக்கொண்டால்கூட, 8 சதவீத வட்டியில் நாலரை லட்சத்துக்கு மேல் ஆகியிருக்கும். முறுக்குக் கம்பெனியில் பி.எஃப்.பா? அடுப்பு நாலு, ஆள் ஆறு. சட்டத்தின் எல்லைக்குள்ளேயே வராது.

ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது, அந்தப் பணம் வீட்டில் இருந்திருந்தால் மிஞ்சியிருக்குமா என்பது. மனைவியிடம் கேட்டேன். ‘வீட்ல வச்சா கரஞ்சிரும். ஒண்ணு ஆஸ்பத்திரி, இல்ல இவரு கூட்டாளிங்க. மொய் செஞ்சா யாரு வந்து கேட்டாலும் கையில இல்லைனு சொல்லலாம், மறுபடி வாங்கவும் முடியாது’ என்றார். கூலிக்காரர் வீட்டில் பணத்தைச் சேர்ப்பதைவிடக் கஷ்டம் அதைக் காப்பாற்றுவது. காப்பாற்ற வழி, தன் கைக்கே எட்டாத இடத்தில் போட்டுவிடுவது. ஆனால் எட்டாத இடம் என்றால் அவசரத்துக்கும் எட்டாது. பையனுக்கு டைபாய்டு வந்தபோது நோட்டில் லட்ச ரூபாய்க்கு மேல் இருந்தது, ஆனால் நகையைத்தான் அடகு வைத்தார்கள். நகை அடகுக்குப் போனதில் இன்னொரு பங்கு, ஒரு வைகாசியில் அடுத்தடுத்து வந்த விசேஷங்களுக்கு மொய் செய்யப் பணம் இல்லாமல் வைத்தது. மொய் செய்யக் கடன் வாங்கி, அதற்கு வட்டி கட்டி, பிறகு வட்டியில்லாத மொய் வாங்கி அதை அடைப்பது. இதைக் கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் சரியான நேரத்தில் செய்யாமல் விட்டால் நோட்டே செத்துவிடும்.

யாருக்கு இது ஒத்து வராது என்பதும் கணக்கிலேயே தெரிகிறது. முதிர்வுத் தேதி நம் கையில் இல்லை, பிள்ளைகளின் வயதில் இருக்கிறது. பிள்ளை இல்லாதவர்கள், கல்யாணம் ஆகாதவர்கள் செய்துகொண்டே இருப்பார்கள், வாங்க வழி இருக்காது. அதனால்தான் புதுமனை புகுவிழா, வசந்த விழா, இல்ல விழா என்று விசேஷத்தை உருவாக்க வேண்டியிருக்கிறது. பிளக்ஸில் ‘இல்ல விழா’ என்று மட்டும் போட்டிருந்தால் ஊரில் யாரும் என்ன விழா என்று கேட்பதில்லை. வருமான வரிச் சட்டம்கூட இந்த விஷயத்தில் கல்யாணத்தை மட்டும்தான் அங்கீகரிக்கிறது. இந்தக் காதுகுத்து நடந்தபோது இருந்த 1961 சட்டப்படி, சட்டம் சொல்லும் உறவுமுறைக்கு வெளியே உள்ளவர்களிடமிருந்து ஒரு வருஷத்தில் 50,000-க்கு மேல் அன்பளிப்பு வந்தால் அது வருமானம், கல்யாணத்துக்கு வந்தால் விலக்கு. காதுகுத்துக்கு விலக்கு இல்லை. இங்கே யாரும் அதைக் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

புத்தகத்தில் இருப்பதும் இல்லாததும்

மானிடவியல் படித்தவர்கள் மொய் என்றதும் மார்செல் மோஸைத்தான் இழுப்பார்கள். 1925-இல் அவர் கொடுத்தாக வேண்டும், வாங்கியாக வேண்டும், திருப்பியாக வேண்டும் என்று மூன்று கடமைகளைச் சொன்னார், அன்பளிப்பு எங்கேயும் இலவசம் இல்லை என்றார். அதெல்லாம் மேசையில் உட்கார்ந்து பார்த்தால் அப்படியே பொருந்துகிறது. லூயி துமோன் என்ற இன்னொரு பிரெஞ்சுக்காரர் 1949-50-இல் இதே மதுரைக்கு மேற்கே, பிரமலைக் கள்ளர்களிடையே தங்கி ஆய்வு செய்து 1957-இல் புத்தகமாகப் போட்டார். தாய்மாமன் வீட்டிலிருந்து பெண் கொடுத்த வீட்டுக்குப் போகும் சீர் எப்படிச் சம்பந்தி உறவைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி நிறுத்துகிறது என்பதில் அவருக்கு நல்ல பிடிப்பு. ஆனால் உறவைப் பார்க்கிற கண் கூலியைப் பார்ப்பதில்லை. மொய் மேசைக்கு வரும் 500 ரூபாய் எந்த வேலையிலிருந்து வருகிறது, அது எந்த வேலையிலிருந்து விடுபட உதவுகிறது என்பதுதான் இன்றைக்குக் கேட்க வேண்டியது.

கிளிஃபோர்டு கீர்ட்ஸ் 1962-இல் ஜாவாவின் சீட்டு முறையை வைத்து எழுதிய கட்டுரை இதற்குப் பக்கத்தில் வருகிறது. விவசாயி வியாபாரியாக மாறும் வழியில் இந்தச் சீட்டுகள் ஒரு நடுப்படி, ஏறி முடித்ததும் தானாக மறைந்துவிடும் என்பது அவர் எண்ணம். உசிலம்பட்டியில் பேங்க் வந்தாயிற்று, ஏடிஎம் வந்தாயிற்று, ஜிபே வந்து மொய் மேசையிலேயே உட்கார்ந்துகொண்டது. மொய் மறையவில்லை, பெருத்திருக்கிறது. பேங்க் வந்தது, ஆனால் மாதச் சம்பளம் வரவில்லையே. சம்பளச் சீட்டு இல்லாதவனுக்கு பேங்க் என்பது நூறு நாள் கூலி எடுக்கும் இடம், அவ்வளவுதான்.

என்னுடைய கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்தக் குடும்பத்துக்கு மொய் செய்த பெரிய வேலை கடனின் வடிவத்தை மாற்றியது. ஒரே முதலாளியிடம் 1,10,000 பாக்கி என்றால் எப்போது ஊருக்கு வரலாம், எவ்வளவு நேரம் அடுப்பில் நிற்க வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். அதைவிட மூன்று மடங்கு கடன் நானூறு பேரிடம் ஆயிரமும் ஐந்நூறுமாக இருந்தால் யாரும் அவரை அடுப்பில் நிறுத்த முடியாது. ஒவ்வொருவரும் அவருக்குச் சமமானவர், ஒவ்வொருவர் வீட்டிலும் ஒரு விசேஷம் வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். ஆபீஸர்களும் சில தொண்டு நிறுவனங்களும் ஆடம்பரம் என்று திட்டுவது இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல்தான். கறி விருந்து இல்லாமல் மொய் மட்டும் வாங்கலாமே என்கிறார்கள். விருந்து இல்லையென்றால் கூட்டம் இல்லை, கூட்டம் இல்லையென்றால் சாட்சி இல்லை, சாட்சி இல்லாத கடனை யார் திருப்புவார்கள்? நானூறு பேர் சாப்பிட்டுப் பார்த்த பிறகுதான் அந்தக் கணக்குக்குப் பத்திரம் பதிந்த பலம்.

அதற்காக 2,80,000 நியாயம் என்று சொல்லவில்லை. அந்தப் பணம் போன இடத்தைப் பாருங்கள்: மண்டபக்காரர், கிடா வியாபாரி, மளிகைக் கடை, பிளக்ஸ் கடை. சமையலுக்கும் பந்தலுக்கும் வந்தவர்களுக்குக் கூலி கிடைத்தது, நல்லது. மண்டபம் வைத்திருப்பவர்களோ பெரும்பாலும் நிலத்தையும் வட்டிக்கடையையும் ஏற்கெனவே வைத்திருப்பவர்கள். நானூறு கூலிக் குடும்பங்கள் ஒருவருக்கொருவர் வட்டியில்லாமல் கொடுத்து வாங்குகிற முறையில், ஒவ்வொரு சுற்றுக்கும் வாசலில் நின்று ஒரு பங்கை எடுத்துக்கொள்கிறவர் இவர்தான். வட்டி ஒழிந்துபோகவில்லை, வாடகையாக உடை மாற்றி வந்திருக்கிறது. பஞ்சாயத்துக்கு ஒரு சமுதாயக் கூடம் உருப்படியாக, தண்ணீரும் கழிப்பறையும் உள்ளதாக இருந்தால் முதல் 45,000-ஐ அப்படியே மிச்சம் பிடிக்கலாம். பல ஊர்களில் கூடம் இருக்கிறது, பூட்டிக் கிடக்கிறது.

கணக்கில் வராத இன்னொன்று, போய்வரும் உழைப்பு. தை, மாசி, வைகாசி, ஆவணியில் முகூர்த்த நாள் ஒவ்வொன்றும் மனைவிக்கு ஒரு நாள் கூலி நஷ்டம், பஸ் செலவு, சில நாள் இரண்டு ஊர். ஆடியிலும் மார்கழியிலும்தான் மூச்சு விட முடிகிறது. கணவர் வெளி மாநிலத்தில் இருப்பதால் இது முழுக்க மனைவியின் வேலை. யார் வீட்டுக்கு எவ்வளவு, யாரிடம் மனத்தாங்கல், யார் வீட்டு இழவுக்குப் போகாமல் விட்டோம் என்பதெல்லாம் அவர் தலையில்தான் இருக்கிறது, எந்த நோட்டிலும் இல்லை. அந்த ஞாபகம் இல்லாவிட்டால் 6,40,000-இல் பாதிகூட வந்திருக்காது. சீட்டில் அச்சாவது கணவர் பெயர்.

பிறகு நடந்தது

3,60,000-இல் அட்வான்ஸ் பாக்கி 1,10,000-ஐ முதலாளியிடம் கொண்டுபோய்க் கட்டினார். முதலாளி முகம் கொடுத்துப் பேசவில்லை. நகையை 90,000 கட்டித் திருப்பினார்கள். மீதி 1,60,000-ஐ வைத்து, மச்சினனைக் கூட்டிக்கொண்டு தெலங்கானாவில் ஒரு சின்ன டவுனில் சொந்தமாகப் போட்டுவிட்டார். வீட்டு அட்வான்ஸ், இரண்டு அடுப்பு, எண்ணெய்ச் சட்டி, பழைய மாவு மிஷின், கடைகளுக்குப் போட ஒரு செகண்ட் ஹேண்ட் வண்டி. தீபாவளிச் சரக்கு நன்றாகவே ஓடியது என்று போனில் சொன்னார்.

வேலைக்கு ஊரிலிருந்து இரண்டு பையன்களைக் கூட்டிப் போயிருக்கிறார். இருவரும் பன்னிரண்டாவது முடித்தவர்கள், பதினெட்டு ஆகிவிட்டது, அதை இரண்டு தடவை அழுத்திச் சொன்னார். வீட்டுக்கு ஆளுக்கு 15,000 கொடுத்திருக்கிறார். ‘அட்வான்ஸ் குடுக்காம எவன் வர்றான்’ என்றார். எந்தப் பாக்கியிலிருந்து வெளியே வந்தாரோ அதையே இப்போது அவர் கொடுக்கிறார் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை, ‘நான் அவரு மாதிரி பிடிச்சு வைக்க மாட்டேன்’ என்று அவராகவே சொன்னார். பிடித்து வைக்காமல் இருக்க அவரால் முடியுமா என்பது அவர் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. வரும் தையிலும் மாசியிலும் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேல் திருப்பிச் செய்ய வேண்டிய மொய் நோட்டில் நிற்கிறது, அது அந்தப் பையன்கள் அடுப்பில் நிற்கும் நேரத்திலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டு பையன்களில் ஒருவனின் அப்பாவை உசிலம்பட்டி சந்தையில் பார்த்தேன். 15,000-ஐ என்ன பண்ணினீர்கள் என்று கேட்டதற்கு, சின்ன மகள் சடங்குக்கு மண்டபத்துக்கு முன்பணம் கட்டிவிட்டதாகச் சொல்லிவிட்டு, தை கடைசியில் வைத்திருக்கிறோம், பத்திரிகை வரும், அவசியம் வந்துருங்க என்றார்.